ஞாயிறு உபயம்

என் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் முட்டிவலி இருக்காது, சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் இருக்காது, இருட்டோடு எழுப்பிவிடும் அலாரமும் இருக்காது. அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். நாம் ஜெயித்துவிட்டோம், அப்பா! கோவில் மண்டபம் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நம்முடையது. அதை யார் அறிவித்தார்கள் தெரியுமா? கோவில் செயலாளர் குமரேசன் மாமா. அதே குமரேசன் மாமாதான். ஒலிபெருக்கியில், நம் ரெங்கம் ஊர்க் கடைத்தெரு வரைக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. “வக்கீலம்மா, தீர்ப்ப மொதல்ல சொல்லிட்டா எப்பிடிலா? கேஸ சொல்லுங்க” என்பீர்கள். சரி, கேஸைச் சொல்கிறேன்.

முதலில் பெரிய மாற்றம் ஒன்று. நம் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை மாறிவிட்டது. வெள்ளி, சனி போய் சனி, ஞாயிறு வந்துவிட்டது. நீங்கள் போய்ச் சில மாதங்களிலேயே அறிவித்துவிட்டார்கள். அம்மா கைப்பேசியில் அந்தச் செய்தியைக் காட்டியபோது நான் சந்தோஷப்படவில்லை. போனைத் தூக்கிப் போடாத குறைதான். கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா? யாரிடம் போய்க் கேட்பது?

இதை ஓரமாய் நின்று படிப்பவர்களுக்கு இந்தக் கோபம் புரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து ஞாயிறு எனக்குப் பள்ளி நாள். சிங்கப்பூரில் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய என் அப்பாவுக்கோ ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. வெள்ளியும் சனியும் நான் வீட்டில் சும்மா இருப்பேன், அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார். வாரம் முழுக்க ஜொகூர் பாருவில் ஓர் அறையில் தங்கிவிட்டு, சனிக்கிழமை வேலை முடிந்து காப்சாய் மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேரும்போது நான் தூங்கிப் போயிருப்பேன். மறுநாள் காலை நான் பள்ளிக்குப் போய்விடுவேன். மதியம் சேர்ந்து ஒரு வாய் சாப்பிட்டதும், மழை பிடிப்பதற்குள் அவர் திரும்பக் கிளம்பிவிடுவார். ஒரே வீட்டு அப்பாவுக்கும் மகளுக்கும் சேர்ந்தாற்போல ஒரு விடுமுறை நாள் கிடைக்கவில்லை.

அதனால்தான் நீங்கள் அந்த ஏற்பாட்டைச் செய்தீர்கள். ஞாயிறு மட்டும் பள்ளி வேன் நம் வீட்டு வாசலில் நிற்காது. என்னை நீங்களே மோட்டாரில் கொண்டுபோய் விடுவீர்கள். “ஒரு நாளாச்சும் தூங்குங்களேங்க” என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பார்! கேட்டீர்களா?

செம்பனைத் தோட்டத்து ஓரமாகப் போகும் அந்தச் சாலையில், விடியலின் ஈரக் காற்றில், உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நான் என் வாரத்தைச் சொல்லி முடிப்பேன். “இந்த வாரம் யாருகூட சண்ட?” என்று நீங்கள் கேட்பீர்கள். நான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து காற்றை மீறிக் கத்திக் கத்திச் சொல்வேன். பள்ளிக்கு முன்னால் உள்ள கடையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. முட்டையில் பாதி உங்களுக்கு, பாதி எனக்கு, நெத்திலி முழுக்க எனக்கு. உங்கள் முதுகோடு பேசிப் பேசித்தான் எனக்கு இந்தப் பெரிய குரல் வந்தது என்று அம்மா இன்னும் திட்டுகிறார். அந்தக் குரலுக்கு இந்தக் கதையில் வேலை இருக்கிறது, பொறுங்கள்.

ஒரு ஞாயிறு நான் கேட்டேன், நினைவிருக்கிறதா? “அப்பா, ஒங்களுக்கு சாமி நம்பிக்கை இருக்கா இல்லியா?” நீங்கள் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஆடித் திருவிழா அன்னதானத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து, கோவில் சமையற்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மலைபோலக் கத்தரிக்காய் வெட்டுவீர்கள். மற்றவர்கள் சாமி ஊர்வலம் பார்க்கப் போனாலும் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள். என் கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில், “மோட்டார் ஓட்டும்போது இதெல்லாம் கேக்காதலா, பள்ளத்துல விட்டுருவேன்!” அவ்வளவுதான். அந்தக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டிருந்தேன். அன்னதானத்தன்று ஒலிபெருக்கியில் உபயகாரர் பெயர்களை வாசிப்பார்கள். அரிசி உபயம் இன்னார், எண்ணெய் உபயம் இன்னார், பூமாலை உபயம் இன்னார். காய் வெட்டியவர் பெயரை யாரும் வாசிப்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. “ஒங்க பேர ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்க?” என்று சண்டைக்கு வந்தேன். “சாம்பாருல கத்தரிக்கா இருக்கா? இருக்குல்ல. அப்பறம் என்னா?” என்றீர்கள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை, இப்போதும்தான்.

இனி கேஸுக்கு வருகிறேன்.

புதிய பள்ளி ஆண்டு தொடங்கும் வாரம். விடுமுறை மாறியது எனக்கு நன்றாகவே தெரியும், செய்தி படித்தேன், அதன் மேல் கோபமும் பட்டேன். ஆனால் ஆண்டு தொடக்கம் என்றால் ஞாயிறு என்று உடம்பு பழகிவிட்டதே! அம்மா செனாய்த் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. நான் எழுந்தேன், குளித்தேன், சீருடையை இஸ்திரி போட்டு மாட்டினேன், தலையை இரட்டைச் சடை பின்னினேன், பள்ளிக்கு நடந்தேன். வேன் வராததுகூட எனக்கு உறைக்கவில்லை. ஞாயிறு என்றால் வேன் வராது அல்லவா?

பள்ளி வாசல் பூட்டியிருந்தது. ஜாகாவாகக் காவல் பார்க்கும் பாக் சமாட் என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். “அலமாக், அடெக்! ஹாரி இனி அஹாட்லா!” என்று சிரித்தார். இன்றைக்கு ஞாயிறாச்சே என்கிறார், எனக்கே! பிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்குக் கையாட்டியவர் அவர்தானே. எனக்கு அழுகை வந்திருக்கும். ஆனால் அழ இடம் கிடைக்கவில்லை, ஏனென்றால் என்னைப் போலவே சீருடையில் வேறு சில முட்டாள்களும் அங்கே வந்து நின்றார்கள்.

ஜொகூரைத் தவிர வேறு எந்த ஊரில் இந்தக் கூத்து நடக்கும்? எல்லாருமே நம் பிள்ளைகள், பெரும்பாலும் சின்னவர்கள். அவர்களில் ஒருத்தி பவித்ரா. தமிழ்ப்பள்ளி முடித்து அந்த ஆண்டுதான் இடைநிலைப்பள்ளிக்கு வருகிறாள். புத்தம் புதிய காலணி, கால் அளவைவிடப் பெரியது. அவள் அம்மா தொழிற்சாலை பஸ் ஏறிப் போய்விட்டார், வீடு பூட்டியிருந்தது. “வீட்டுக்குப் போ” என்று சொல்லலாம், எந்த வீட்டுக்கு? அதனால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கோவில் மண்டபத்துக்குப் போனேன். அங்கே நிழல் உண்டு, மின்விசிறி உண்டு, தண்ணீர் உண்டு. அன்னதான மேசைகள் சும்மாதான் கிடந்தன.

சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பவித்ராவின் மலாய்ப் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசிக்க வரவில்லை. எழுத்துக் கூட்டினாள், நிறுத்தினாள், காலணியைப் பார்த்தாள். “நான் ரிமூவ்க்கா. மக்குங்க கிளாஸ்” என்றாள்.

ரிமூவ் என்றால் புகுமுக வகுப்பு. மலாய் போதாத பிள்ளைகளை ஓராண்டு அதில் உட்கார வைப்பார்கள். பேச்சுப் போட்டி என்றால் தமிழ்ப்பள்ளி மேடையில் முதலில் ஏறிய பெண் இவள். இன்னும் புதிய பள்ளிக்குள் காலெடுத்து வைக்கவில்லை, அதற்குள் தான் மக்கு என்று யார் இவளிடம் சொன்னது? ஒரு மொழி நன்றாகத் தெரிந்தவள் இன்னொரு மொழியைக் கற்றுக்கொள்ள எடுக்கும் அவகாசத்துக்கு மக்கு என்றா பெயர்? எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் மோட்டாரை ஓரம் கட்டிவிட்டு, “தண்ணி குடி மொதல்ல” என்று சொல்லும் வகைக் கோபம். “இனிமே ஒவ்வொரு ஞாயிறும் வா” என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே தோழிகளோடு வந்து நின்றாள்.

இப்படித்தான் தொடங்கியது. திட்டமெல்லாம் ஒன்றும் இல்லை, ஒரு தப்புதான்.

மலாய் எனக்கு வரும், கணக்கு எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் என் வகுப்புத் தோழி ஜெசிந்தாவைக் கேட்டேன். ஞாயிறு திரும்பி வந்ததில் அவளுக்குத் தேவாலயம் திரும்பக் கிடைத்திருந்தது. அதற்கு முன்னால் பள்ளி நாளில் காலைத் திருப்பலிக்கு அவளால் எங்கே போக முடிந்தது? இப்போது திருப்பலி முடிந்ததும், அதே நல்ல உடுப்போடு, கழுத்தில் சிலுவையோடு நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவாள். அவர்கள் யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். அவள் அம்மா முதலில் தயங்கினார். பிறகு என்னிடம், “படிப்பிக்கிறது நல்ல காரியம் பிள்ளை. ஆனா பிரசாதம் மட்டும் குடுத்துப் போடாதேங்கோ” என்று ஒரு நிபந்தனையோடு அனுப்பினார். நம் அம்மா அவளுக்கென்று தனியாகக் கடலை அவித்துக் கொண்டுவருவார்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? உங்கள் திதி வரும்வரை நான் சன்னதிக்குள் போகக் கூடாது, மண்டபத்தோடு நின்றுகொள் என்று அம்மா சொல்லியிருந்தார். ஆக அந்த மண்டபத்தில் பாடம் சொன்ன இரண்டு பேரும் சாமிக்கு முன்னால் போகாதவர்கள்தான். அவள் போகாதது வேதத்தால், நான் போகாதது வழக்கத்தால். மணி அடிக்கும்போது பிள்ளைகள் எல்லாரும் தீபாராதனைக்கு ஓடிவிடுவார்கள். நாங்கள் இருவரும் மேசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் அம்மனுக்கு எங்கள் மேல் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிறு மண்டபம் பூட்டியிருந்தது.

குமரேசன் மாமாவே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “கோயில்ல டியூசன் சென்டர் நடத்த யாரு அனுமதி குடுத்தா? சிலுவ போட்ட பொண்ணு அம்மன் மண்டபத்துல வாத்தியாரா? நாளைக்கி நம்ம புள்ளைங்க எங்க போவாங்க?” என்றார். ஜெசிந்தா அங்கேதான் நின்றிருந்தாள், எல்லாம் கேட்டுக்கொண்டு. பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்தாள், செருப்பு விடும் தகரக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் பின்னக் கணக்கு எழுதத் தொடங்கினாள். பிள்ளைகள் செருப்புகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அன்றைக்கு வகுப்பு நின்றிருந்தால் பவித்ரா அடுத்த வாரம் வந்திருக்க மாட்டாள். அப்படியே பள்ளியிலும் வாய் திறக்காமல் போயிருப்பாள். எனக்கு அது ஒன்றுதான் பயம்.

பள்ளியில் நன்னெறிக் கல்வி என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதில் நான் எப்போதும் நல்ல மதிப்பெண். சகிப்புத்தன்மை என்றால் என்ன என்று கேட்டால் எழுத்துப் பிசகாமல் எழுதுவேன். அன்றைக்கு அந்த விளக்கம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. குமரேசன் மாமாவின் சாவிக்கொத்தைப் பிடுங்கிக் குளத்தில் எறியலாமா என்றுதான் தோன்றியது. குளம் இல்லாமல் போனது நல்லதாயிற்று.

வீட்டில் வந்து குதித்தேன். அம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, “அவரு தங்கச்சி கதை ஒனக்குத் தெரியாதுல்ல?” என்றார். அவருடைய கூடப்பிறந்த தங்கை மதம் மாறி, அதன்பின் தாயின் திதிக்குக்கூட வீட்டுப் படி ஏறவில்லையாம். “அந்த மனுசனுக்கு அது இன்னும் ஆறல. நீ பேசு, ஆனா அவர நோகடிச்சுப் பேசாத” என்றார் அம்மா. நீங்கள் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பீர்களா? அல்லது, “நல்லா கேளு!” என்று தூண்டிவிட்டிருப்பீர்களா? உங்களை நம்ப முடியாது.

ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். நானும் ஜெசிந்தாவும் பிள்ளைகளும் கடைசி வரிசையில். குமரேசன் மாமா விஷயத்தை வைத்தார். பாதித் தலைகள் ஆடின. நான் எழுந்தேன். தலைவர் என்னைப் பார்த்து, “பாப்பா, மெம்பருங்க மட்டுந்தான் பேசணும்” என்றார்.

அப்போது அம்மா எழுந்தார், அப்பா! நம் அம்மா. கூட்டத்தில் யாராவது பெயரைக் கேட்டாலே புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளும் நம் அம்மா. “நான் மெம்பரு. எனக்குப் பேச நேரம் உண்டுல்ல? அத என் மகளுக்குக் குடுக்குறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

உங்கள் முதுகில் பழகிய குரல் வெளியே வந்தது. மைக் தேவைப்படவில்லை.

“ஒரே ஒரு கேள்விதான் மாமா. ஆடி அன்னதானத்துக்கு அரிசி உபயம் யாரு?”

“இரும்புக்கட சீன மொதலாளி ஆ செங் தவுக்கே. எல்லாருக்குந்தான் தெரியுமே” என்றார் தலைவர்.

“அவரு எந்தச் சாமியக் கும்புடுறாரு?”

“அவங்க சாமியயும் கும்புடுவாரு, நம்ம அம்மனயும் கும்புடுவாரு” என்றது ஒரு குரல். “அவரு மகன் சர்ச்சுக்குப் போறான்லா” என்றது இன்னொரு குரல். சிரிப்பு எழுந்தது.

“அரிசி மூட்டைய எறக்கும்போது இதெல்லாம் விசாரிச்சோமா? இல்லல்ல? குடுக்குறவங்க மனசுதான் உபயம்னு சொல்லித்தானே வாங்குறோம். இவ கணக்கு குடுக்குறா மாமா. கூலி கேக்கல, பேரு கேக்கல. அரிசி ஒரு வேளையில தீந்துரும். இவ குடுக்குறது இந்தப் புள்ளைங்களுக்கு ஆயுசுக்கும் வரும். இதையும் ஒரு உபயமா ஏத்துக்கக் கூடாதா?”

குமரேசன் மாமா என்னைப் பார்க்கவே இல்லை. நேராக ஜெசிந்தாவைப் பார்த்தார். “நீ ஏம்மா இங்க வர்ற? நெசமாச் சொல்லு” என்றார்.

அவள் எழுந்து நின்றாள். “எனக்குக் கணக்கு நல்லா வரும் அங்கிள். இவங்களுக்கு வரல. அதுக்குத்தான் வர்றேன். சிலுவையக் கழட்டுன்னா கழட்ட மாட்டேன். விபூதி பூசுன்னா பூச மாட்டேன். இவங்ககிட்ட என் சாமியப் பத்திப் பேசவும் மாட்டேன். ஆனா செருப்ப வெளியில கழட்டிட்டுத்தான் உள்ள வருவேன், எப்பவும்.”

மண்டபம் முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. அவர் என்ன நினைத்தாரோ, தங்கையை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “அந்தச் செருப்ப வரிசையா வைக்கச் சொல்லு. போன வாரம் தடுக்கி விழப் பாத்தேன்” என்றார்.

அவ்வளவுதான்! மண்டபமே சிரித்தது. கைகள் உயர்ந்தன, தலைவர் எண்ணக்கூட இல்லை. ஆடித் திருவிழா வரை நடத்திப் பாருங்கள், திருவிழாவில் வகுப்புப் பிள்ளைகள் கோவிலுக்கு வேலை செய்ய வேண்டும், அதன்பிறகு முடிவு சொல்கிறோம் என்றார்கள். பவித்ரா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

அடுத்த செய்தி அவளைப் பற்றித்தான். ஆசிரியர் தினச் சபைகூடலில் மலாய்க் கவிதை வாசிக்க ரிமூவ் வகுப்பிலிருந்து தன் பெயரைக் கொடுத்துவிட்டாள், யாரையும் கேட்காமல். அவள் மேடை ஏறினாள், மைக்கைத் தள்ளி வைத்தாள், தொண்டையைத் திறந்தாள். திடலின் கடைசி வரிசையில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. வாசல் பக்கம் நின்றிருந்த பாக் சமாட் கைதட்டினார். என் மலாய்த் தோழி ஆயிஷா என் பக்கம் திரும்பி, “உன் தங்கையா?” என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லையே?

ஆயிஷாவைச் சொன்னதும் நினைவு வருகிறது. விடுமுறை மாறியதில் அவள் வீட்டுக்குக் கஷ்டம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு அவள் அப்பா வேலையிடத்திலிருந்து ஓடி வர வேண்டியிருக்கிறது. முன்பு மகன்களைக் கூட்டிக்கொண்டு ஆற அமரப் போவாராம். நமக்கு வரம் கிடைத்த இடத்தில் அவர்களுக்கு ஒரு இழப்பு. எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரு வாரம் ஏன் இல்லை அப்பா? இதற்கு என்னிடம் வாதம் எதுவும் இல்லை. அவள் ஞாயிறு வகுப்புக்குப் பழைய புத்தகங்களைக் கட்டிக் கொடுத்தனுப்புகிறாள்.

பிறகு ஆடி வந்தது. உங்கள் முதல் திதி முடிந்திருந்தது. வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? காய் வெட்டுவது. யாரும் யோசித்துக் கொடுக்கவில்லை. நீங்கள் இல்லாததால் அந்த இடம் காலியாக இருந்தது.

அம்மா உங்கள் கத்தியைச் சாணை பிடித்து எடுத்துவந்தார். பெரிய பிள்ளைகள் கத்தரிக்காய், சின்னவர்கள் பூண்டு உரிக்க, பீன்ஸ் நார் எடுக்க. நான் உங்கள் இடத்தில் உட்கார்ந்தேன். ஊர்வலம் கிளம்பி உருமி மேளம் அதிர்ந்தபோது எல்லாரும் எழுந்து ஓடினார்கள், நானும் ஓடத்தான் நினைத்தேன். ஆனால் கூடையில் காய் மிச்சம் இருந்தது. விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. நீங்கள் ஏன் எழுந்து போகவில்லை என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. அதுதான் உங்கள் நம்பிக்கையா, அல்லது நான் எனக்கு வசதியாக நினைத்துக்கொள்கிறேனா? பக்கத்தில் ஜெசிந்தா மட்டும் உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கோவில் வாசலில் அவள் அம்மா வந்து நின்றார், கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். “எங்கட வீட்டு மரத்தில காய்ச்சது. சாம்பாருக்குப் போடுங்கோ” என்று நம் அம்மாவிடம் நீட்டினார். உள்ளே வரவில்லை. ஆனால் அம்மாவும் அவரும் வாசலில் நின்று வெகுநேரம் பேசினார்கள்.

சாப்பாடு தொடங்கும் நேரம் ஒலிபெருக்கி கரகரத்தது. குமரேசன் மாமாவின் குரல். அரிசி உபயம், எண்ணெய் உபயம், பூமாலை உபயம் எல்லாம் வாசித்தார். முடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“காய்கறி வெட்டிய உபயம், நம்ம கோயில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள். அவங்களுக்கு முன்னால இந்த வேலைய எத்தனையோ வருசம் செஞ்சவரு, பேரு சொல்ல வேணாம்னு சொன்னவரு, அமரர் கணேசன் ராமையா. இந்தத் தடவ அவரக் கேக்காம நான் சொல்லிடுறேன். ஞாயிறு வகுப்பு இனிமே இந்தக் கோயிலோட நிரந்தர உபயம்.”

உங்கள் பெயர், அப்பா! ஊர் முழுக்க, கடைத்தெரு தாண்டி, நாசி லெமாக் கடை வரைக்கும். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நான் அழவில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் நின்று, கையில் கத்தியோடு, பைத்தியக்காரி மாதிரி கத்திச் சிரித்தேன். பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். என்ன செய்வீர்கள், கோபப்படுவீர்களா? பேர் எதுக்கு என்பீர்களா? சாம்பாரில் கத்தரிக்காயும் இருந்தது, உங்கள் பெயரும் இருந்தது. இந்தக் கேஸில் நான் ஜெயித்துவிட்டேன், ஒத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. மோட்டார் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். நம் காப்சாய்தான். அம்மாவுக்குப் பயம், ஆனாலும் ஏறி உட்கார்கிறார். ஞாயிறு காலை அவரையும் கடலைத் தூக்கையும் பின்னால் வைத்துக்கொண்டு, செம்பனை ஓரமாக அதே சாலையில் போகிறேன். போகும்போது நான் கேட்கிறேன், “இந்த வாரம் யாருகூட சண்ட?” முதலில் அம்மா சிரித்தார். இப்போது அவரும் சொல்லத் தொடங்கிவிட்டார். தொழிற்சாலைக் கதையெல்லாம் என் காதுக்குள் கத்துகிறார். இவ்வளவு நாளும் இவர் யாரிடம் இதையெல்லாம் சொன்னார் அப்பா?

நான் மேற்படிப்புக்கு வெளியூர் போவேன். நீங்கள் வைத்த ‘வக்கீலம்மா’ என்ற பெயருக்காகவாவது சட்டம் படிப்பேன். போகுமுன் மண்டபச் சாவியைப் பவித்ராவிடம் கொடுப்பேன், அவள் தனக்கு அடுத்தவளிடம் கொடுப்பாள். ஆடிக்கு எங்கே இருந்தாலும் வந்து உங்கள் இடத்தில் உட்கார்ந்து காய் வெட்டுவேன். உங்களுக்குக் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இனி வீணாகாது. இது உங்கள் மகளின் வாக்கு. நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டே கேளுங்கள், எனக்கு அப்படிப் பேசித்தான் பழக்கம்.

இப்படிக்கு,
பின்னால் உட்கார்ந்து பேசப் பழகி, இப்போது முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற
உங்கள் வாயாடி மகள்,
ஷாமினி